அஞ்சலி நாளைக்கு, ரெக்ஸ்!

செல்போன் அலறியது!

மத்திகிரி வாடகை வீட்டில், ஒரு கன்னம் மழித்து மறு கன்னத்தில் நுரையோடு நின்றிருந்த ரெக்ஸ் எடுத்தான்.

"ஹலோ..."

"எப்பா ரெக்ஸு... நீதானா பேசற?"

காவேரிப்பட்டினத்திலிருந்து அத்தை அன்னமேரி. அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நான்தான் அத்தை. எதுக்கு அழுவுற?"

"நீ செத்துட்டேன்னு சொன்னாங்கப்பா!"

"யாரு?!"

"உங்க ஷூட்டிங்குல கும்பல்ல நிக்க வருவாளே, நஞ்சம்மா... அவதான் போட்டோ அனுப்பினா. உன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கச் சொல்லி சாமியார்கிட்ட பேசிட்டே வந்துட்டேன்!"

"அதை நிறுத்தச் சொல்லு அத்தை. நான் இன்னும் குளிக்கவே இல்ல."

வாட்ஸ்அப்பில் படம் வந்து விழுந்தது.

பெரிய சட்டம். சந்தன மாலை. சுற்றிலும் மினுக்கும் சீரியல் பல்பு. நடுவில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு... ரெக்ஸ்!

கீழே கொட்டை எழுத்தில், 'கண்ணீர் அஞ்சலி'.

நுரை காய்ந்து கன்னம் இழுத்தது. துடைக்கத் தோன்றவில்லை.

ரெக்ஸ் யாரென்று சொல்லிவிடுவோம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, டீ பிரேக்கில் கொலைக்கதை எழுதிக்கொண்டிருந்தவன். சென்னையில் ஒரு டி.வி. சேனல் நடத்தும் அனிதா மேடம் கண்ணில் பட்டான். 'வேலையை விடு, எழுது' என்றாள் அவள். விட்டான். எழுதினான். 'எல்லை ஸ்டேஷன்' என்ற க்ரைம் தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது! இப்போது அவனே எழுத்தாளன், அவனே தயாரிப்பாளன். டைரக்டர் சுரேந்தர் அவன் உயிர் நண்பன். ஒரே பரோட்டாவைப் பிய்த்துத் தின்றவர்கள்.

ஒரே ஒரு உரசல்தான். தொடரின் கதை உரிமை ரெக்ஸ் பெயரில் இருந்தது. அதை இந்திக்குக் கொடுக்கச் சொல்லி சுரேந்தர் நச்சரித்தான்.

"அங்க எழுத அவங்ககிட்ட ஆள் இருக்காம் தலைவரே. உங்க பேரு மட்டும் வராது. அவ்ளோதான்!"

"என் பேரு இல்லாம என் கதை எங்கயும் போகாதுடா. அனிதா மேடமே வாயத் தொறக்கல, உனக்கென்ன?"

அதோடு பேச்சு நின்றது. ரெக்ஸ் அப்படித்தான் நினைத்திருந்தான், பாவம்!

ஜூஜுவாடி.

லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கிற செக்போஸ்ட்டுக்குச் சற்றுத் தள்ளி, மூடிக்கிடந்த ஒரு கம்பெனி ஷெட். அதற்குள்தான் 'எல்லை ஸ்டேஷன்' செட்.

ஆர்ட் டிபார்ட்மென்ட் முனிவேல் ஏணி மேல் நின்று, ரெக்ஸின் போட்டோவுக்கு மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"டேய் முனிவேல்!"

"வாங்க சார்! பல்பு செட்டு எப்பிடிங்க?"

"நான் உயிரோட இருக்கேன்டா!"

"தெரியுதுங்களே! சீனுக்குத்தானுங்க மாட்டறேன்."

"எந்த சீனு?"

"ஏட்டு, இன்ஸ்பெக்டரு எல்லாரும் மெழுகுவத்தி புடிச்சு உங்க போட்டோ முன்னால அழுவறது. நாளைக்கு எடுக்கறாங்க. டைரக்டர் சாரு நாளைக்குக் காலையில மாட்டுன்னாரு. மொத நாளே மாட்டிட்டா திட்டு வாங்க வேணாமேன்னு, அதுக்கோசரம் இப்பவே..."

முனிவேல் தலையைச் சொறிந்தான்.

"ஏன் சார், நீங்க எழுதின சீனுதானே?"

இல்லை!

'எல்லை ஸ்டேஷன்' தொடரில் ஒரு இருமல்கூட ரெக்ஸ் எழுதாமல் வந்ததில்லை. இந்த சீனை அவன் எழுதவில்லை.

சீரியல்காரர்கள் எதையும் அன்றன்றைக்கு என்று வைத்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாண சீனென்றால் முந்தின நாளே பந்தல் போட்டாக வேண்டும். சாவு சீனென்றால் முந்தின நாளே மாலை வாங்கியாக வேண்டும். ஊறிப்போன பழக்கம்!

நாளைக்கு அஞ்சலி என்றால்... சாவு எப்போது?

செல்போன் மறுபடி அலறியது. சுரேந்தர்!

"தலைவரே, மத்தியானம் கல்குவாரி பாக்கப் போறோம், ஞாபகமிருக்கில்ல? கிளைமாக்ஸ் லொகேஷன்! நாம ரெண்டு பேர் மட்டும். யூனிட்டு வேணாம்."

"ஏன்டா வேணாம்?"

"அவனுங்க வந்தா சளசளன்னு பேசுவானுங்க தலைவரே. நாம நிம்மதியா பாத்துட்டு வரலாம்."

ரெக்ஸ் போனை வைத்தான். பயம்கூட அப்புறம்தான். முதலில் வந்தது அழுகை. சுரேந்தரா? காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவனா?

போலீஸ் ஸ்டேஷனில், சப்-இன்ஸ்பெக்டர் தங்கமணி ரெக்ஸ் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஒரு போட்டோவுக்கு மாலை போட்டதுக்கெல்லாம் கேஸ் போட முடியாதுங்க சார்."

"அப்போ செத்துட்டு வரட்டுங்களா மேடம்?"

"கோவிச்சுக்காதீங்க. உங்க சீரியல ஒரு நாளும் விடமாட்டேன். ஆனா ஒண்ணு... அதுல போலீஸ் எப்பவுமே எல்லாம் முடிஞ்சப்பறம்தான் ஜீப்புல வருது. எனக்கு அதுல ரொம்ப வருத்தம்!"

"மாத்தி எழுதறேன் மேடம். நான் இருந்தா!"

"நீங்க குவாரிக்குப் போங்க. உங்களுக்கு முன்னால நாங்க அங்க இருப்போம்."

கிருஷ்ணகிரி தாண்டி, கைவிடப்பட்ட கிரானைட் குவாரி. அறுத்தெடுத்த பாறைகளுக்கு நடுவே அதலபாதாளம். அடியில் பச்சைத் தண்ணீர்.

சுரேந்தர் இரண்டு கைவிரல்களையும் சேர்த்து ஃபிரேம் பார்த்தான்.

"இங்க வாங்க தலைவரே! வில்லன் இந்த முனையிலேர்ந்துதான் விழறான். டாப் ஆங்கிள்ல பாருங்க, பிரமாதம்!"

ரெக்ஸ் விளிம்புக்குப் போனான். தான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டுமே என்று கர்த்தரை வேண்டிக்கொண்டே போனான்.

"சுரேந்தர்... நாளைக்கு என்னடா எடுக்கறோம்?"

"லாக்கப் சீன். நீங்க எழுதினதுதானே!"

பொய்! கூசாமல், முகத்தைப் பார்த்து!

"இன்னும் கொஞ்சம் முன்னால... அப்பிடித்தான்... எட்டிப் பாருங்க..."

முதுகுக்குப் பின்னால் சரளைக்கல் நொறுங்கியது.

ரெக்ஸ் சட்டென்று ஒதுங்கினான்!

முழு பலத்தோடு பாய்ந்த சுரேந்தர், தள்ளுவதற்கு ஆளில்லாமல், வழுக்கி... விளிம்பு தாண்டி...

"ஐயோஓஓ!"

ரெக்ஸின் கை தானாகப் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தரத்தில் தொங்கினான் உயிர் நண்பன்!

"தலைவரே... விட்டுடாதீங்க!"

"எதை? கையையா, கதை உரிமையையா?"

"தலைவரே, கால் வைக்க எடமில்ல!"

"ஏன்டா? என்னடா கொறை வெச்சேன் உனக்கு?"

"நீங்க இல்லன்னா உரிமை சேனலுக்குப் போயிரும். ஒப்பந்தத்துல அப்பிடித்தான் இருக்கு. இந்தியில நான்தான் டைரக்டர்னு..."

"கேட்டிருந்தா உன்னை நானே ஊரெல்லாம் சிபாரிசு பண்ணியிருப்பேனேடா, பாவி!"

பாறைகளுக்குப் பின்னாலிருந்து லுங்கியும் தலைத்துண்டுமாக ஓடிவந்தார்கள் கான்ஸ்டபிள்கள். நாலு பேராகச் சேர்ந்து தூக்கிப் போட்டார்கள். தங்கமணி விலங்கு மாட்டினாள்.

ரெக்ஸ் ஒரு பாறையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். எத்தனையோ துரோகிகளை எழுதியிருக்கிறான். இப்படி வலிக்கும் என்று ஒருமுறைகூட சரியாக எழுதியதில்லை.

"விடுங்க சார். பொழைச்சீங்களே, அதுக்கு சந்தோஷப்படுங்க."

"அனிதா மேடத்துக்கு சொல்லணும் மேடம். எனக்குத் தாய் மாதிரி. துடிச்சுப் போயிடுவாங்க..."

அவன் முடிக்கவில்லை. தங்கமணியின் கையில், சுரேந்தரிடமிருந்து பறித்த செல்போன் ஒலித்தது.

திரையைப் பார்த்தாள். முகம் மாறியது. உதட்டில் விரல் வைத்துவிட்டு, ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"சுரேந்தர்! என்னய்யா, எவ்ளோ நேரம்? முடிஞ்சுதா இல்லியா?"

அந்தக் குரல்! 'வேலையை விடு, எழுது' என்ற அதே குரல்!

"அஞ்சலி ப்ரோமோவுக்கு எடிட்டர் ரெடியா இருக்கான். இந்தியில டைரக்டர் ஆகணும்னா சொன்ன வேலைய சொன்ன நேரத்துல முடிக்கணும். ரெக்ஸ் விழுந்தானா?"



சுரேந்தர் தலையைக் குனிந்துகொண்டான். ரெக்ஸ் எழுந்தான். தாய் என்று நினைத்தவள்! அவள் உரிமையைக் கேட்காமலே இருந்ததற்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான்.

"விழல மேடம்."



"ரெ... ரெக்ஸ்?! நீயா?"

"மன்னிச்சுக்கங்க மேடம். கதை நல்லாத்தான் இருந்துச்சு... டைரக்டர் சரியில்ல!"