கண் நின்ற இடம்

மகளின் அறைக் கதவுக்கு அடியில் நீல வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க யார் யாருடைய கண்களையோ சோதித்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பிய அம்மா, நனைந்த குடையை மடக்காமல் கூடத்திலேயே நின்றுவிட்டாள். மகளின் போன் வீட்டில் இல்லை. போன வாரம் லாரியோடு வெளியூர் கிளம்பிய கணவர் அதைக் கையோடு எடுத்துப் போயிருந்தார்.

போனில் வந்த, எலும்பு துருத்திய ஒரு பெண்ணின் வீடியோவில் மகள் குட்டியின் கண் ஒரு தடவை நின்றது. அவ்வளவுதான் ஆரம்பம். அடுத்து வந்தவள் அவளைவிட ஒல்லி. அதற்கடுத்தவள் இன்னும் ஒல்லி. பதினைந்து வயதுப் பெண், தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டாள்.

"அவ தேடிப் போகலம்மா. கண்ணு எதுல நிக்குதோ, அதையே அந்த போன் மேல மேல கொண்டுவந்து கொட்டும்," என்றிருந்தார் மனநல மருத்துவர். "போனை வாங்கி வெச்சிட்டீங்க, நல்லது. கொஞ்ச நாள் கூடவே இருங்க."

மழைச் சத்தத்துக்கும் ஃப்ரிட்ஜின் முனகலுக்கும் நடுவே, கதவுக்கு அந்தப் பக்கம், துணியில் எதையோ தேய்ப்பது போல மெல்லிய ஓசை விட்டு விட்டுக் கேட்டது. சூடேறிய சார்ஜரின் வாடை மூக்கில் ஏறியது. அம்மா கதவைத் தள்ளினாள்.

குட்டி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெறும் சுவர். அவள் கட்டைவிரல் மட்டும் போர்வையின் மேல் கீழிருந்து மேலாகப் போய்க்கொண்டே இருந்தது. முகத்தில் நீல வெளிச்சம் மாறி மாறி விழுந்தது.

அம்மா சுவருக்கும் மகளுக்கும் நடுவே போய் நின்றாள். வெளிச்சம் மறையவில்லை.

"குட்டி, என்னடா பாக்குற?"

"நான் பாக்கலம்மா." குரலில் களைப்பைத் தவிர ஒன்றுமில்லை. "நீதான் பாக்குற."

விரல் ஒருமுறை மேலே போனது. குட்டியின் கன்னம் உள்ளே வாங்கியது.

அம்மா குனிந்தாள். நிழலாக இருக்கும் என்று நினைத்தாள். உற்றுப் பார்த்தாள். விரல் மேலே போனது. கழுத்தெலும்பு துருத்தியது. விரல் மேலே போனது. மணிக்கட்டு குச்சியானது.

"அம்மா, பாக்காத," என்றாள் குட்டி. "நீ பாக்கப் பாக்கத்தான்..."

புரிந்துவிட்டது. ஆனால் பெற்ற பிள்ளை கண்ணெதிரே கரையும்போது எந்தத் தாயால் வேறு பக்கம் திரும்ப முடியும்? இன்னொரு கணம் பார்த்தாள். இன்னொரு கணம். உதடுகள் பல்லோடு ஒட்டின.

அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

இருட்டு. மழை. தேய்க்கும் ஓசை நின்றுபோனது.

கட்டில் கிறீச்சிட்டது.

"குட்டி?"

சார்ஜர் வாடை நெருங்கியது. முகத்துக்கு மிக அருகே, எடையே இல்லாத ஏதோ ஒன்று வந்து நின்றது.

எலும்பாய்க் குளிர்ந்த ஒரு கட்டைவிரல் அவள் இமையின் மேல் அமர்ந்து, மெல்ல, மிக மெல்ல, கீழிருந்து மேலாகத் தள்ளத் தொடங்கியது.