மூன்று தட்டு

மிசிசிப்பி ஆற்றின் நாட்செஸ் துறையில் கப்பல் நின்றிருந்தது. அந்தி சாயும் நேரத்தில் ஓடீல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுபலகையில் ஏறினாள். பயணிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் பழைய வேலைக்கே திரும்பியிருந்தாள். மாடியில் சிரிப்பும் கம்போ சூப்பின் மணமும். பின்னால் சிவப்புச் சாயம் பூசிய துடுப்புச் சக்கரம், வீட்டு உயரத்துக்கு. எல்லாம் அப்படியே இருந்தன, அவள் கணவன் ஆல்சீட் மட்டும்தான் இல்லை.

இந்தக் காலத்துக் கப்பலில் சக்கரம் வெறும் அலங்காரம்தானே என்று பயணிகள் கேலி செய்வார்கள். இந்தச் சக்கரம் மெய்யாகவே கப்பலைத் தள்ளியது. மிசிசிப்பியில் மிதந்து வரும் மரக்கட்டைகள் அதில் சிக்கிக்கொள்ளும். எடுக்க ஒருவன் உள்ளே இறங்க வேண்டும். இறங்கியதும் சுத்தியலால் பலகையில் ஒரு தட்டு: உள்ளே இருக்கிறேன். ஏறி வந்ததும் மூன்று: வெளியே வந்துவிட்டேன், ஓட்டலாம்.

போன வசந்தத்தில் ஆல்சீட் உள்ளே இருந்தபோது, அலையில் ஆடிய கட்டையொன்று பலகையில் மூன்று முறை மோதியது. எஞ்சின்காரர் லூதர் சக்கரத்தை ஓட்டிவிட்டார்.

இப்போது அவர்தான் பின்தளத்தில் நின்றிருந்தார்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன், ஓடீல்."

"வேற எங்க போவேன், மிஸ்டர் லூதர்? வீட்டுல அவன் தொப்பியையே பாத்துக்கிட்டு எத்தன நாள் உக்காந்திருக்கிறது?"

அவர் சக்கரத்தைக் காட்டினார். ஆற்றிலிருந்து பனி எழுந்து அதைப் பாதி மறைத்திருந்தது.

டொக்.

"ஒவ்வொரு துறையிலயும் இப்படித்தான்," என்று லூதர் கிசுகிசுத்தார். "வெளக்கடிச்சுப் பாத்தாச்சு, ஆளும் இல்ல, கட்டையும் இல்ல. தட்டு நிக்கிற வரைக்கும் காத்திருந்துதான் கெளம்புறேன். உள்ள இருக்கேன்னு ஒருத்தன் தட்டுறப்ப நான் எப்படி ஓட்டுவேன்?"

சேற்று வாடைக்கு நடுவே, ஆல்சீட் எப்போதும் மெல்லும் புதினா மிட்டாயின் வாசனை வந்தது. சோம்பேறி, சோம்பேறி என்று எத்தனை முறை அவனைத் திட்டியிருப்பாள்! செத்தும் அவன் வேலை முடியவில்லையே.

தளத்தின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துச் சக்கரத்தை நோக்கிக் குனிந்தாள்.

"போதும்யா. கட்டைய விட்டுட்டு வெளிய வா. நான் வந்திருக்கேன்ல?"

டொக்.

ஓடீல் தேம்பினாள். "அவனுக்கு வெளிய வர வழி தெரியல. அந்த மூணு தட்டு விழாம அவனுக்கு விடுதலை இல்ல. அவனுக்காக நான் தட்டுறேன்."

"வேணாம், ஓடீல்."

அவள் சுவரில் தொங்கிய சுத்தியலை எடுத்துவிட்டாள்.

மூன்று தட்டு.

இருவரும் காத்திருந்தார்கள். உள்ளிருந்து சத்தமே இல்லை. மேலே கேப்டனின் சங்கு ஊதியது. லூதர் சிலுவை போட்டுக்கொண்டு எஞ்சின் அறைக்குள் போனார்.

சக்கரம் அசைந்தது. பலகைகளிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"போய்ட்டு வா, என் ராசா," என்றாள் ஓடீல். அத்தனை மாதத்தில் அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

டொக்.

சுழலும் சக்கரத்துக்குள்ளிருந்து.

டொக். டொக். டொக். டொக். எண்ணிக்கையெல்லாம் மறந்து, பதறிப் பதறி.

போன தடவை பொய் சொன்னது மரக்கட்டை. இந்தத் தடவை அவள் கை.

"நிறுத்துங்க! அவன் உள்ளதான் இருக்கான்!"

மாடியில் புறப்பாட்டுக்கு வாசிக்கும் நீராவி ஆர்கன் வாத்தியம் காதடைக்க முழங்கத் தொடங்கியது. பயணிகள் கைதட்டினார்கள். லூதருக்கு எதுவும் கேட்கவில்லை.

கம்பியில் இருந்த அவள் கையை, ஈரமான ஒரு கை பற்றிக்கொண்டது.