பக்கத்து நட்சத்திரம்

"தறிய நிறுத்துங்கமா! என் நட்சத்திரம் ஓடிப்போயிடுச்சு!"

வாசலில் மூச்சிரைக்க நின்றவனைச் சங்கரி ஏறிட்டாள். மழை கழுவிவிட்ட வானம் மாதிரி கண்கள்... தறியில் நூலை இழுத்தோடும் நாடா அவள் கையில் அப்படியே நின்றது.

"ஓடிப்போனா போலீஸ்ல சொல்லுங்க. இங்க வந்து கத்திக்கினு நிக்கறீங்க?"

விஷால். ஆராய்ச்சி மாணவன். பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டு மாடியை ஐந்து நாள் வாடகைக்கு எடுத்தவன். ஒரே ஒரு நட்சத்திரத்தின் ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்து, மயிரிழைப் பிளவுக்குள் ஒரு மணி நேரம் அசையாமல் நிறுத்தி, நிறம் நிறமாகப் பிரிக்க வேண்டுமாம். இவள் மிதிக்கிற மிதியில் மாடி அதிர்கிறதாம்!

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏழுலருந்து எட்டு வரைக்கும் இனி தறி ஓடாது. போதுமா?"

ஓடவில்லை. ஆனால் அவள் காதுகள்... மாடிப்படியிலேயே கிடந்தன. தண்ணீர் கேட்டு வந்தான். சாவி கேட்டு வந்தான். ஒவ்வொரு முறையும் சுவர்க் காலண்டரைப் பார்த்தே பேசினான். 'என்னைப் பார்த்தா என்ன, குறைஞ்சா போயிடுவே?'

ஐந்தாம் நாள். விடிந்தால் போய்விடுவான்... ஏழரை மணிக்குப் படியிறங்கி வந்தான்.

"தப்பு உங்க தறி மேல இல்லங்க."

"அப்புறம்?"

"தொலைநோக்கி பக்கத்துல ஒரு சின்னக் குழாய் வெச்சு, அதுல வேற நட்சத்திரத்தப் பாத்துக்கினே என்னோடதப் புடிச்சிருந்தேன். குழாய் பாரத்துல கொஞ்சம் தொங்கிப்போச்சு. அதுல பக்கத்து நட்சத்திரம் அசையாம தெரியுது, என்னுது நழுவிடுச்சு. இன்னைக்கு வேற கண்ணாடி போட்டேன். அதே நட்சத்திரத்தோட வெளிச்சத்தையே ரெண்டாப் பிரிக்கும். ஒரு பங்கு படத்துக்கு, ஒரு பங்கு புடிச்சு நிறுத்த. இப்ப நகரவே இல்ல."

"சந்தோஷம். அதச் சொல்லவா வந்தீங்க?"

அவன் கண்கள் காலண்டருக்குப் போயின. பாதியில் நின்றன... மெல்லத் திரும்பின. முதல்முறையாக நேராக... அவளிடம்.

"தண்ணி, சாவி... எல்லாம் சாக்கு. எனக்கு உங்கள புடிச்சிருக்குதுங்க. தறி சத்தம் இல்லாம மாடியில இருக்க முடியல."

அவள் குனிந்து மிதியில் காலை வைத்தாள். நாடா ஓடியது. தடக்... தடக்...

"எட்டு மணிக்கு அப்பா வருவாரு" என்றாள், தலை நிமிராமல். "அவர்கிட்ட பேசறப்ப காலண்டரப் பாக்காதீங்க."