ஒரு முகம் மட்டும்

எழுபத்திரண்டு சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திரை, அவள் கண்ணெதிரிலேயே எழுபத்தொன்றுக்கு இறங்கியது.

தம்பியை ஃபோனில் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் அவனுக்குத் தொழில்.

"அதெல்லாம் நடக்கும்க்கா. புது சிஸ்டம் ஏறும்போது முன்ன பின்னதான் காட்டும். 'எல்லாத்தையும் அழிக்கவா'ன்னு கேட்டிருக்குமே, சரின்னு கொடுத்தியா?"

"கொடுத்தேன்டா. ரெண்டு தடவ அமுக்கினேன்."

"ஒரு தடவ போதும்க்கா," என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கணவன் போய் ஐந்து மாதம். அலமாரியைக் காலி செய்தாயிற்று. செருப்பும் மூக்குக்கண்ணாடியும்கூடப் போயாயிற்று. இந்தக் கம்ப்யூட்டர்தான் பாக்கி. அவள் சம்பளத்தில் வாங்கியது, கடவுச்சொல் மட்டும் அவனுடையது. அவள் யாருக்கு என்ன எழுதினாள் என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரி பிசகாமல் ஒப்பிப்பான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்று சொல்லி அம்மா கை கழுவிவிட்டாள். இருபத்திரண்டு வருடம் ஏறினாள். இனி இந்த வீட்டில் ஒரு பொருளாவது அவளுக்கே அவளுக்கென்று இருக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

மதியம் மூன்று மணி. திரைச்சீலை வழியே வெயில் மஞ்சளாய்க் கசிய, கம்ப்யூட்டருக்குள் விசிறி மூச்சிரைப்பதும் நிற்பதும் மறுபடி இரைப்பதுமாக இருக்க, சூடேறிய தூசி வாசனையோடு, ஐந்து மாதமாக இந்த அறையில் இல்லாத, அவனுடைய இருமல் மிட்டாய் வாசனையும் மெல்லக் கிளம்பி அவள் பிடரியருகே வந்து நின்றது. ஜன்னலைத் திறந்துவிட்டாள். வாசனை போகவில்லை. "இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்," என்று முணுமுணுத்தபடி வந்து உட்கார்ந்தாள்.

நூறு. திரை அணைந்து எரிந்தது. வெள்ளை வெளேரென்று புதுசாக இருந்தது. ஒரு பெண் குரல் வழி சொல்லிக்கொடுத்தது. பெயர் கேட்டது. தன் பெயரைத் தட்டினாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இனிமேல் கடவுச்சொல் வேண்டாம், முகமே போதும் என்றது குரல். கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது.

"கேமராவின் முன் ஒரு முகம் மட்டும் இருக்க வேண்டும்."

திரையில் அவள் முகம். பின்னால் சுவர்.

"இரண்டு முகங்கள் தெரிகின்றன. ஒருவர் விலகவும்."

திரும்பிப் பார்த்தாள். சுவர். ஒரு ஆணி. யாருமில்லை.

"ஒருவர் விலகவும்."

வாசனை இப்போது காதருகில். சூடாக.

அவன் வந்து நின்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவது இருபத்திரண்டு வருடப் பழக்கம். யோசிக்கவே மாட்டாள். இப்போதும் எழுந்துவிட்டாள். இரண்டடி தள்ளிப்போய் நின்ற பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

"நன்றி. ஒரு முகம் தெரிகிறது. பதிவாகிவிட்டது."

காலி நாற்காலியின் மெத்தை மெல்லக் குழிந்தது. சக்கரங்கள் உருண்டன. நாற்காலி மேஜையோடு ஒட்டிக்கொண்டது. கீபோர்டில் ஒரே ஒரு பட்டன் மட்டும் திரும்பத் திரும்ப, நிதானமாக, தானாக இறங்கி ஏறியது. திரையில் அவள் பெயர், கடைசி எழுத்திலிருந்து, ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.