ஓமப்பனி

காலை ஷிப்டுக்கு முன்னால் மிளகாய் ஆலை வாயிலில் ஓமப்பனி இறங்கியது. ஓமம், கற்பூரம், புதினா கலந்த வெண்ணிற ஆவி. பெண்கள் அண்ணாந்து இழுத்துவிட்டு உணர்வுப்பலகையின் முன் நின்றார்கள். "மூச்சு சீரா?" என்று பலகை கேட்கும். பச்சையைத் தொட்டால் கதவு திறக்கும். ஒருத்தி சிவப்பைத் தொட்டால்கூட ஆலை நிற்க வேண்டும். தூசியை அகற்றாமல் ஓட்டக் கூடாது. சட்டம் அப்படி. இதுவரை யாரும் சிவப்பைத் தொட்டதில்லை. என் அம்மா சீனியம்மாளும்தான்.

நான் அங்கே சான்றாளர்; தொட்ட பச்சைகளை எண்ணிக் கையெழுத்திடுபவள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. 'கைவைத்தியம், சான்றுடன்' என்று வாயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன பெரிய சான்று? பச்சையைத் தொட்ட விரல்கள். காற்று உள்ளே போகிறதா என்று எவனும் அளக்கவில்லை.

நான் அளந்தேன். மூச்சளவிக் குழாயை அம்மாவின் மூக்கில் வைத்தேன். உள்ளிருக்கும் பந்து பாதிகூட ஏறவில்லை. பனியை இழுத்த பிறகும் அதே கோடுதான்.

"நல்லாத்தான்டி இருக்கு. சில்லுன்னு போகுது."

"சில்லுன்னு இருக்கும்மா. போகல."

மேலாளர் அருள்ராஜிடம் அளவுகளைக் காட்டினேன். சிரித்தார்.

"காலங்காலமா இருக்கிற வைத்தியம்மா. நாலு எழுத்து படிச்சதும் அதுவும் பொய்யாயிருச்சா?"

"ஆவி புடிச்சுட்டு வீட்டுல படுத்தா அது வைத்தியம் சார். புடிக்க வச்சு மிளகாத் தூசிக்குள்ள தள்ளுறதுக்குப் பேரு வேற."

"ஒங்கம்மாவே பச்சையத் தொடுது. இதுல நீ யாரு?"

மறுநாள் காலை பனிக்குழாயின் திருகை மூடினேன்.

அண்ணாந்த முகங்கள் அப்படியே நின்றன. வாய்கள் பிளந்தன. வரிசையில் முதலில் நின்ற அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி பண்ணுன? அடைக்குதுடி!"

"தினமும் இப்படித்தான் அடைச்சிருக்கு. இன்னைக்குத்தான் தெரியுது. சிவப்பத் தொடும்மா."

அவள் விரல் சிவப்புக்கு அருகில் போய் நின்றது. பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "படிச்ச கொழுப்பப் பாரு! பனிய விடுடி முதல்ல!"

எல்லோரும் கத்தினார்கள். என்னைப் பார்த்து. ஆலையைப் பார்த்து ஒருத்தியும் கத்தவில்லை.

அருள்ராஜ் ஓடிவந்து திருகைத் திறந்தார். பனி இறங்கியது. அம்மா கண்ணை மூடி ஆழ இழுத்தாள். முகம் தெளிந்தது. பச்சையைத் தொட்டாள், கதவு திறந்தது.

உள்ளே போகுமுன் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பத்தான்டி உசுரு வந்துச்சு. நீ ஏன் மூக்கப் பொத்திக்கிட்டு நிக்குற?"