மூன்றாம் நம்பர் பேட்டரி

தீர்ந்துபோன பேட்டரி தானாக நிறையுமா? நிறையாது. ஆனால் மூன்றாம் நம்பர் நிறைந்திருந்தது.

கிதார்காரன் ஒன்றும் ஏமாளி இல்லை. காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற பெடலுக்கு அவன் சார்ஜ் பேட்டரிதான் போடுவான். கரண்டில் செருகினால் கூடவே வரும் இரைச்சல் அவனுக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு பேட்டரிக்கும் மார்க்கரில் நம்பர் எழுதி, மீட்டரில் அளந்து வைப்பான். நேற்று ஏழு வோல்ட்டுக்குக் கீழே கிடந்த மூன்று, சார்ஜரைப் பார்க்காமலே இன்று எட்டரை காட்டியது. தொட்டால் லேசான சூடு வேறு.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவனும் அண்ணனும்.

"அண்ணா, என் பேட்டரியை எடுத்தியா?"

"எழுந்து நிக்கவே முடியலடா. இதுல உன் பேட்டரி ஒண்ணுதான் குறைச்சலா?"

நாலு நாளாக அண்ணன் நாற்காலியே கதியென்று கிடந்தான். நல்லாத்தான் நடிக்கிறான் என்று நினைத்தான் தம்பி. ஒரு காலத்தில் அண்ணனும் வாசித்தவன், யாரும் கூப்பிடவில்லை. தம்பிக்கோ வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங். வயிற்றெரிச்சலில் பேட்டரியை மாற்றி வைத்து, சரியான நேரத்தில் காலை வாரத் திட்டமோ? ஆனால் மூன்றைப் போட்டு வாசித்தபோது வந்த ஒலி? அடடா, அப்படியொரு ஒலி அவனுக்கு ஜென்மத்தில் வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, டாக்டரைக் கூப்பிடலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

மதியம், வேண்டுமென்றே மூன்றை வாசித்துத் தீர்த்தான். வெளியே போவதுபோல் கதவைச் சத்தமாகச் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி பூனைபோல் திரும்பி வந்து, திரை போட்ட அறையின் புழுக்கத்தில், சூடேறிய தூசி வாசனைக்கு நடுவே, மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் அழுத்திக்கொண்டு, பக்கத்து அறையிலிருந்து வரும் அண்ணனின் மூச்சை, அதன் அடியில் இழையும் மெல்லிய விசிலோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

யாரும் வரவில்லை.

ஏழு புள்ளி ஒன்று. அண்ணன் மூச்சு விட்டான். ஏழு புள்ளி நாலு. இன்னொரு மூச்சு. ஏழு புள்ளி ஒன்பது.

மீட்டர் கோளாறு. வேறென்ன இருக்கும்? போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பேட்டரியைப் பெடலில் மாட்டினான். கிதாரைத் தோளில் போட்டு கேபிளைச் செருகினான். செருகியதும் பெடலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கம்பியை அவன் தொடவில்லை.

ஸ்பீக்கர் மூச்சு விட்டது. அடியில் ஒரு மெல்லிய விசில்.

பக்கத்து அறையில் சத்தமே இல்லை.

"அண்ணா?"

ஓடினான். அண்ணன் அறை வாசற்படியில் கேபிள் விறைத்து அவனைப் பின்னால் இழுத்தது. இன்னும் ஒரே ஓர் அடிதான். நாற்காலியில் அண்ணன். வாய் திறந்தபடி. நெஞ்சு அசையவில்லை. உதடு நீலம். தோளிலிருந்து கிதாரைக் கழற்றக் கை போனது.

பின்னாலிருந்து, ஸ்பீக்கரிலிருந்து, அண்ணன் பேசினான்.

"கேபிளைக் கழட்டிடாதடா, தம்பி."

அவன் கை அப்படியே நின்றது. மறு கையை நீட்டினான். அண்ணனின் விரலுக்கும் அவன் விரலுக்கும் நடுவே ஒரு சாண். கேபிள் முனை கிதாரில் நழுவத் தொடங்கியிருந்தது. பின்னால், பெடல் இருந்த அறையில், சிவப்பு விளக்கு மெல்ல மங்கியது.