ஒரு சாண் குறைந்த கட்டை

மண் அள்ளும் லோடர் வண்டியின் இரண்டு இரும்புக் கைகளும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றன.

நேற்று மாலை டாக்டர்தான் இறக்கிவிட்டுப் போனார். பக்கெட் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்த சத்தத்தைக் காதால் கேட்டு, சாவியைக் கழற்றிப் பையில் போட்டு, ஷட்டரைப் பூட்டிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினார். சாவி இப்போதும் சட்டைப் பையில் கனத்தது. பூட்டைத் திறந்ததும் அவர்தான்.

பட்டறையில் அவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். எண்ணெயை ஒரு சொட்டு விரலில் தொட்டு முகர்ந்தே வண்டிக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தெரியாததா? சீல் தேய்ந்தாலோ வால்வு கசிந்தாலோ, தூக்கி நிறுத்திய கைகள் மெல்ல மெல்ல இறங்கும். வருகிற குட்டி லோடர்களில் பாதிக்கு அந்தக் குறைதான். ஆனால் இறங்கியது தானாக ஏறாது. எஞ்சின் ஓடி, பம்ப் எண்ணெயைத் தள்ள வேண்டும். சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து, மடிக்கு மேலே காவல் கம்பியை இழுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வால்வே திறக்கும்.

விடுமுறை நாள். நண்பகல்தான் என்றாலும் மழை பிடித்துக்கொண்டு வெளிச்சத்தைத் தின்றிருந்தது. தகரக் கூரையில் விழுந்த இரைச்சல் ஒரே சீராக, யாரோ பெரிய பாத்திரத்தில் மணலை ஓயாமல் கொட்டுவது போல இருந்தது. டாக்டர் ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கிவிட்டு உள்ளே வந்தார். யாரும் பார்க்கக் கூடாத வேலை அது.

மூன்று மாதத்துக்கு முன் இந்த வண்டிக்கு அடியில்தான் அவருடைய தங்கை புருஷன் செத்தான். அதே பட்டறையில் இரண்டாவது மெக்கானிக். தூக்கிய கைகள் இறங்காமல் தாங்கும் இரும்பு முட்டுக்கட்டையைப் பற்றி விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோது, டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கட்டை பக்கத்துலதான் கிடந்துச்சு. போடாம உள்ள போயி அவனே ஹோஸைக் கழட்டிட்டான். சொன்னா கேக்கணுமே.” எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு நல்ல பெயர். புருஷனை இழந்த தங்கையைத் தன் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றுகிற அண்ணன் என்று கண்டவர்களெல்லாம் புகழ்ந்தார்கள்.

தங்கைதான் நம்பவில்லை. “அவரு கட்டை போடாம போகமாட்டாருண்ணே. வீட்டுல ஆடுற பீரோவுக்குக்கூட அட்டையை மடிச்சு வெச்சுட்டுத்தான் கதவைத் தொறப்பாரு.” வாரம் ஒரு தடவையாவது சோற்றைப் பரிமாறிக்கொண்டே இதைச் சொல்வாள். அதோடு நிற்காமல் மனு எழுதிப் போட்டுவிட்டாள். நாளைக் காலை ஓர் அதிகாரி வந்து வண்டியைக் கழற்றிப் பார்க்கப் போகிறார்.

பார்த்தால் ஸ்பானர் கிடைக்கும். இந்தப் பட்டறையில் ஆளுக்கொரு அடையாளம் உண்டு, அவரவர் ஸ்பானரில் அரத்தால் கீறியிருப்பார்கள். மூன்று கீறல் டாக்டருடையது. அன்றைக்கு, கைகளைத் தாங்கும் எண்ணெய் ஓடுகிற ஹோஸைக் கழற்றிய அந்த ஸ்பானர், அவர் கையிலிருந்து நழுவி, சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் தகட்டின் அடியில், வால்வுக்கும் சட்டத்துக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது. தங்கை கண்ணில் படுவதற்குள் அதை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

கைகள் கீழே இருந்தால் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாய் அந்தத் தகட்டை மறைத்துவிடும். தூக்க வேண்டும். எப்படியும் தூக்கத்தான் வந்தார். அது ஒரு சாண் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். இப்படி நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது.

பழக்கதோஷத்தில் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு சொட்டை விரலில் எடுத்து முகர்ந்தார். சூடேறிய எண்ணெய் கருகல் நாறும், தண்ணீர் கலந்தால் சேற்று வாடை வரும். இதில் இரண்டும் இல்லை. முதுகு வலித் தைலம் மணந்தது. குனிந்து குனிந்து வேலை செய்கிறவன் என்பதால் மாப்பிள்ளை தினமும் தேய்த்துக்கொண்டு வரும் தைலம். டாக்டர் விரலைப் பேண்டில் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். வாடை போகவில்லை.

நிமிர்ந்தபோது கைகள் முழங்கால் உயரத்தில் இருந்தன.

சத்தமே இல்லை. எஞ்சின் செத்துக் கிடந்தது. ஹோஸ்களுக்குள் மட்டும் ஏதோ நகர்ந்தது, தூங்குகிறவனின் மூச்சைப் போல, நிதானமாக. டாக்டர் பேட்டரி வயரைப் பிடுங்கினார். கேபினை எட்டிப் பார்த்தார். சீட்டில் ஆள் இருந்தால் எரியும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. பழைய மெத்தை, அமுங்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையை நீட்டித் தொட்டார். சூடாக இருந்தது.

இடுப்பு. மார்பு. தலைக்கு மேல்.

அன்றைக்கு நின்ற அதே உயரத்தில் கைகள் நின்றன.

ஓடியிருக்கலாம். ஷட்டர் திறந்துதான் இருந்தது. ஆனால் ஓடினால் நாளைக்கு ஸ்பானர், அதன் பிறகு தங்கையின் முகம். பேயைவிட அந்த முகத்துக்குத்தான் டாக்டர் பயந்தார். கட்டையைப் போட்டுவிட்டால் எந்தப் பேயாலும் கைகளை இறக்க முடியாது. சிலிண்டர் தண்டின் மேல் கவசம் போல உட்காரும் இரும்பு அது. எண்ணெய் ஏமாற்றினாலும் இரும்பு ஏமாற்றாது.

கட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சாவுக்கு முன்பே, வேலை மேசையின் கால் ஒடிந்தபோது, மேசை உயரத்துக்குச் சரியாக வரட்டும் என்று அவரே அதில் ஒரு சாணை அறுத்தெறிந்து, காலாக வைத்துப் பற்றவைத்து, சிவப்பு நிறத்தின் மேல் பச்சையைப் பூசிவிட்டார். விசாரணைக்காரர் ஒருவர் அந்த மேசையில் தாளை வைத்துத்தான் அவருடைய வாக்குமூலத்தை எழுதினார்.

சம்மட்டியால் அடித்து அதைப் பெயர்த்தார். தண்டின் மேல் பொருத்தினார். ஒரு சாண் இடைவெளி மிஞ்சியது. போகட்டும், ஒரு சாண் இறங்கினால் நசுங்கிவிடவா போகிறோம்? தகட்டைக் கழற்றினார். வண்டிமேல் ஏறிக் குனிந்து, மார்பை அதன் விளிம்பில் சாய்த்து, வலது கையைத் தோள்வரை அந்த இருட்டு ஓட்டைக்குள் விட்டார்.

ஈர இரும்பு. ஹோஸ். நட்டு. விரல் நுனியில் ஸ்பானர்! கட்டைவிரல் கீறல்களைத் தடவியது. ஒன்று, இரண்டு, மூன்று.

தலைக்கு மேல் காவல் கம்பி இறங்கிப் பூட்டிக்கொள்ளும் ‘க்ளிக்’ சத்தம் கேட்டது.

கைகள் இறங்கின. ஒரு சாண். குறுக்குக் குழாய் அவர் முதுகில் வந்து உட்கார்ந்தது. கட்டை முனகியது. நின்றது.

நசுங்கவில்லை. நகரவும் முடியவில்லை. விலா விரியாததால் மூச்சு பாதியில் நின்றது. முழங்கை வால்வுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கியிருந்தது. எவ்வளவு நேரம் போயிற்றோ, கூரையில் மழை மட்டும் கொட்டியது. பிறகு ஷட்டருக்கு அடியில் இரண்டு ஈரக் கால்கள் தெரிந்தன.

“அண்ணே? சாப்பிட வரலையே...”

தங்கை குனிந்து உள்ளே வந்தாள். பார்த்தாள்.

“ஜாக்கி... அந்த மூலையில... கொண்டா...”

அவள் ஜாக்கியைப் பார்க்கவில்லை. கால் இல்லாமல் சாய்ந்து கிடந்த மேசையைப் பார்த்தாள். சிலிண்டரின் மேல் இருந்த இரும்பைப் பார்த்தாள். பச்சைச் சாயம் பெயர்ந்த இடத்தில் சிவப்பு தெரிந்தது. விரலால் சுரண்டினாள்.

“கட்டை பக்கத்துலதான் கிடந்துச்சுன்னு சொன்னியே.”

“முதல்ல எடும்மா... மூச்சு...”

“ஹோஸைக் கழட்டினது யாருண்ணே?”

“அவன்தான்...”

குழாய் ஒரு நூலளவு இறங்கியது. விலாவில் ஏதோ படக்கென்றது.

“நான்! நான்தான்... கைதவறி வேற ஹோஸைக் கழட்டிட்டேன்... வேணும்னு செய்யலம்மா...”

குழாய் நின்றது. மழை நின்றதா, காது அடைத்துப்போனதா, எங்கும் ஒரே அமைதி.

“அவரு கட்டையைக் கேட்டிருப்பாரே?”

“கேட்டான்.”

“நீ என்ன சொன்ன?”

டாக்டர் அழுதார். “ஆயில் தாங்கும், போன்னேன்.”

இந்த மூன்று மாதமும் அவர் வீட்டில் அவர் போட்ட சோற்றைத் தின்றதை நினைத்தாளோ என்னவோ, தங்கை முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தாள்.

அப்போது குழாய் உயர்ந்தது. ஒரு விரற்கடைதான். கட்டையின் மேலிருந்த கனம் போய், அது தண்டின் மேல் தளர்ந்து ஆடியது. டாக்டர் கையை இழுத்தார். முழங்கை வரவில்லை. ஆனால் மூச்சு வந்தது. உயிர் வந்தது.

“அப்படித்தான்! ஜாக்கியை வெச்சு முட்டுக் கொடு, சீக்கிரம்!”

அவள் இரண்டு கைகளாலும் கட்டையைப் பிடித்து உருவினாள். சுலபமாக வந்தது. குழந்தையைச் சாய்ப்பது போல அதைப் பக்குவமாகச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“என்ன பண்ற? ஏய்... அது எதுக்கு...”

“பயப்படாதண்ணே,” என்றாள். “ஆயில் தாங்கும்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு, வண்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். கழுத்தைத் திருப்ப முடிந்தவரை திருப்பி, டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு மேலே, அமுங்கிய மெத்தைக்கு மேலே, ஓர் ஆள் உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன. மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

“அவசரமே இல்லைங்க,” என்றாள். “மெதுவா இறக்குங்க.”

டாக்டரின் தலைக்கு மேல், கைகளை இறக்கும் கைப்பிடி முன்னால் சாய்ந்தது.